பிள்ளைக்கு வைத்த பாடு

இறால் உரித்த கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் கழுவிவிட்டுத்தான் அக்கா என் மகளைத் தூக்குவாள். அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓர்ப்படி. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஒரே வாசலில் எங்கள் இரண்டு குடித்தனமும் இருந்தது. அந்தக் கைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

பிள்ளை பெற்ற சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. தூக்கமும் வரவில்லை. குழந்தை வீறிட்டு அழுதால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று சுவரைப் பார்த்துக் கிடப்பேன். தொட்டால் என் கையாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வேறு. என் மாமியாரான அத்தை வேப்பிலை அடித்தார், தாயத்து கட்டினார். கடைசியில் சுண்ணாம்புக்குளம் என்ற ஊரில் பிள்ளையில்லாமல் இருந்த தன் தங்கை மகளிடம் குழந்தையைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் எழவில்லை.

அக்காதான் குறுக்கே வந்தாள். "இன்னா அத்தே, ஏரில இன்னிக்கு யாரு வலை போடறது, நாளைக்கு யாருனு மொற மாத்தி பாடு வெச்சுத்தான பொழைக்கிறோம்? ஒரு கொழந்தைக்கு வெக்க முடியாதா? அவ தேறட்டும். கொழந்த இங்கதான் இருக்கும்."

மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி ஆகும், இதுவும் நோய்தான், மருந்து இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பேய் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டில் காலையில் அக்கா, மதியம் எதிர்வீட்டுச் சின்னம்மா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாயங்காலம் அத்தை என்று பாடு நடந்தது. பால் கொடுக்கும்போது மட்டும் குழந்தையை என் பக்கத்தில் கிடத்தி, ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எங்களைத் தனியே விட்டதேயில்லை.

இப்போதெல்லாம் பிள்ளை பெற்றவளிடம் மனசு எப்படி இருக்கிறது என்று நர்சுகளே கேட்கிறார்களாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வரும் என் மகள் சொன்னாள். கேட்கட்டும், நல்லதுதான். அன்று என்னிடம் கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

மருந்து பிடித்து, பசி திரும்பியிருந்த ஒரு காலையில் அவளிடம் கேட்டேன். "எனக்கு எப்போக்கா பாடு?"

அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனவள், மதியம் வரைக்கும் திரும்பி வரவேயில்லை.