பாதிக் கை ஸ்வெட்டர்

எங்கள் மலையில் எது கெட்டுப்போனாலும் முதலில் ஈரத்தைத்தான் திட்டுவோம். தீப்பெட்டி பற்றாவிட்டால் ஈரம், கதவு மூட மறுத்தால் ஈரம், முட்டி வலித்தாலும் ஈரம். நான் வேறு அருவங்காட்டில் வெடிமருந்து உலர்த்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஈரத்தோடு சண்டை போட்டே சம்பளம் வாங்கியவன். அதனால்தான் லேப்டாப்பில் பிரவுசர் திறந்த வேகத்தில் தானாக மூடிக்கொண்டபோது, அது அப்டேட் செய்த வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த லேப்டாப் என் மனைவியுடையது. மகள் வேலைக்குப் போன புதிதில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாள். அதில் இவள் பார்த்ததெல்லாம் ஸ்வெட்டர் பின்னும் வீடியோக்கள்தான். கடைசியாக ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோவைப் பிடித்துக்கொண்டாள். முகம் வராது. இரண்டு கைகளும் ஊசிகளும் மட்டும் வரும். என்ன மொழி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, எழுத்துகூட இங்கிலீஷ் எழுத்து இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்துப் பின்னுவாள். அந்தக் கைகள் ஓடுகிற வேகத்துக்கு இவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மகளிடம் சொல்லி, வீடியோவை மெதுவாக ஓட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரவுசரில் சேர்த்துக்கொண்டாள்.

ஸ்வெட்டர் எனக்கு. உடம்புப் பகுதி முடிந்து, ஒரு கை முழங்கை வரை வந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் வீடியோவை நிறுத்திவிட்டு, ஊசியோடு ஸ்வெட்டரை நாற்காலியில் வைத்தாள்.

"டீ வெக்கறனுங்க. அதைய மூடிப்புடாதீங்க, நான் இன்னும் பாத்து முடிக்கல."

அடுப்படிக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். குன்னூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எத்தனையோ வேலை சொல்லியிருக்கிறாள், பாதியைக் காதில் வாங்கியதில்லை. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். மூடவில்லை. லேப்டாப்பை அணைப்பதே கிடையாது, மூடியை மட்டும் சாத்துவேன். காலையில் திறந்தால் அந்த வீடியோ நின்ற இடத்தில் நிற்கும். வலது கை ஊசியை நீல நூலுக்கடியில் நுழைத்தபடி, இடது கை பெருவிரலை மடக்கியபடி. கீழே சிவப்புக் கோடு பாதிக்குமேல் வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன். ஓட விட்டதில்லை. ஓட விட்டால் அவள் நிறுத்திய இடம் போய்விடும் என்று பயம். அந்தப் பெண்ணின் பெயரையோ வீடியோவின் தலைப்பையோ எங்கும் குறித்து வைக்கவும் இல்லை. கண்ணெதிரே இருப்பதை எவன் குறித்து வைப்பான்?

அப்டேட் செய்யட்டுமா என்று திரையின் மூலையில் தினமும் கேட்கும். பிறகு என்று அமுக்கிவிடுவேன். பிச்சைக்காரனைக்கூட அப்படி விரட்டியதில்லை. இந்த மழைக்காலத்தில் கேத்திப் பக்கம் கம்பத்தின் மேல் மரம் விழுந்து, மறுநாள் வரை கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்து லேப்டாப் செத்துப்போனது. கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே அப்டேட் செய்துகொண்டு, நல்ல பிள்ளை மாதிரி வந்து நின்றது.

பிரவுசரை அமுக்கினேன். திறந்தது. மேலே அவளுடைய டேப்புகள் வரிசையாகத் தெரிந்தன, அந்த இரண்டு கைகளும் தெரிந்தன. கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்தமும் மறைந்து வெறும் திரை நின்றது. மறுபடி அமுக்கினேன், அதே கதை. கைகள் வரும், போய்விடும். திரும்பத் திரும்ப அமுக்கினேன். சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பாதி, அந்த ஒரு கணமாவது தெரிகிறதே என்ற ஆசையில் பாதி.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"அதைய அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்கப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

"அழிஞ்சு போயிராதா சாமி?"

"அழியறதுக்கு அதுல என்னப்பா இருக்குது? நீங்க நியூஸ்தான பாக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். நின்றுபோன வீடியோவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? அழுவாள். இல்லாவிட்டால் என்னைக் கையோடு கோயம்புத்தூருக்கு இழுத்துப்போவாள். இரண்டுமே எனக்கு ஆகாது.

அப்போதுதான் புத்திக்கு ஈரம் தட்டியது. மழையில் ஒரு நாள் முழுக்கச் சூடில்லாமல் கிடந்த லேப்டாப், உள்ளே வேர்த்திருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் துணி பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க பீரோவின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை மழைக்காலம் முழுக்க எரிய விடுவோம். அந்தத் தட்டுக்கு மேலே அவளுடைய புடவைகளை நகர்த்தி இடம் செய்து லேப்டாப்பை வைத்தேன். பக்கத்தில் முன்பே எடுத்து வைத்திருந்த ஸ்வெட்டர், ஊசியோடு. ஊசியிலிருந்து கண்ணி கழன்றுவிடக் கூடாதே என்று அதைத் தொடாமல் லேப்டாப்பைத் தள்ளி வைத்தேன். உலர்த்துவதற்கு அவசரம் ஆகாது என்பது என் தொழில். இரண்டு நாள் பீரோவைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் லேப்டாப்பை எடுத்துத் துடைத்து பிரவுசரை அமுக்கினேன். மூடிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சும்மாவா, சர்வீஸ் முழுக்க உலர்த்தியவன் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டேன். பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டது. மறுபடி அப்டேட்காரன்தான் வந்து நிற்கிறான் என்று எரிச்சலில் பெட்டியின் பெருக்கல் குறியை அமுக்கி விரட்டினேன். ஈரம் போய்விட்டது, முறையாக மூடித் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்று பிரவுசரை மூடினேன். திறந்தேன்.

வெள்ளைப் பக்கம். அந்தப் பெட்டிகூட இப்போது இல்லை.

அன்று நான் சமைக்கவில்லை, விளக்குப் போடவில்லை. அவளை எடுத்துக்கொண்டு போன அன்று வீடு நிறைய ஆள் இருந்தது, அழக்கூட நேரம் இல்லை. இப்போதுதான் அழுதேன், ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்து.

சனிக்கிழமை மகள் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள், நானும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வீடியோவைத் திறந்தாள். பிரவுசர் உடனே மூடிக்கொண்டது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மெதுவா ஓட்டற எக்ஸ்டென்ஷன்தாம்ப்பா. நான் போட்டுக் குடுத்தது. புது அப்டேட்டோட அது ஒத்துப்போகல, வீடியோ தொறந்தாலே விழுந்துருது. இதுல ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்பறம் எப்படி அன்னைக்கு நின்னுச்சு?"

"அத்தன தடவ விழுந்ததுனால வெறும் பக்கமா தொறந்துருக்குது. அந்தப் பெட்டிய விட்டுவெச்சிருந்தாப் போதும், எக்ஸ்டென்ஷன எடுத்துட்டு நான் மீட்டிருப்பேன். நீங்க மூடித் தொறந்ததுல பழைய பக்கங்க மேலயே புதுசு எழுதிருச்சுங்கப்பா."

பார்த்த பக்கங்களின் பட்டியலில் தேடினாள். அது மூன்று மாதம்தான் வைத்திருக்குமாம். அவள் அம்மா போய் அதைவிட அதிகமாகிவிட்டது.

எக்ஸ்டென்ஷனை எடுப்பதற்குமுன் அதில் அம்மா வைத்திருந்த வேகத்தைக் காட்டினாள். பாதி வேகம். இதை நீக்கவா என்று திரை கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன்.

அதன்பின் பிரவுசர் குறையில்லாமல் வேலை செய்தது. இருவரும் உட்கார்ந்து அந்த வீடியோவைத் தேடினோம். கைகள், கைகள், உலகம் முழுக்கப் பின்னுகிற கைகள். மோதிரம் போட்டவை, சாயம் பூசியவை, சுருங்கியவை. அந்தப் பெருவிரல் மட்டும் எங்கும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி எதிர் மேடு மறைந்தது. மகள் சளைக்காமல் ஒன்று மாற்றி ஒன்று திறந்துகொண்டிருந்தாள்.

"இதாங்கப்பா? எழுத்து வேற மாதிரி இருக்குது பாருங்க."

பார்த்தேன். அதே போல இரண்டு கைகள், அதே போல நீல நூல். ஆனால் எவ்வளவு வேகம்! ஊசி நுழைவதும் நூல் விழுவதும் கண்ணுக்குச் சிக்கவில்லை. நான் ஒரு கண்ணியைப் பிடிப்பதற்குள் வரிசை முடிந்து அடுத்த வரிசை ஓடியது. இதுதானா, வேறா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அறிந்ததெல்லாம் நின்றுபோன இரண்டு கைகள். ஓடுகிற கைகளை எனக்கு அடையாளம் தெரியாது.

"நிறுத்து கண்ணு," என்றேன்.

மகள் உடனே நிறுத்தினாள். வலது கையில் ஊசி தூக்கியபடி, நூல் தொங்கியபடி கைகள் நின்றன. அது என் மனைவி நிறுத்திய இடம் இல்லை.