தொண்ணூற்றிரண்டு போதும்

நாரின் ஊர் டாக்சி ஸ்டாண்டில் மொத்தம் பதினேழு வண்டிகள். அதில் பதினாறை ஓட்டுகிறவர்களுக்கு மீசை இருக்கிறது, அல்லது சீக்கிரம் வந்துவிடும் என்ற நம்பிக்கையாவது இருக்கிறது. பதினேழாவது வண்டி கனிஷாயுடையது.

வயது நாற்பத்துமூன்று. அப்பா அத்பாஷியில் கூட்டுப்பண்ணை லாரி ஓட்டியவர். பன்னிரண்டு வயதிலேயே அந்த லாரியை அவள் ஓட்டிவிட்டாள். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, தம்பிக்கு முன்னால் இவள் கால் கிளட்ச்சுக்கு எட்டிவிட்டது, அவ்வளவுதான். புருஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கம்பி ஏறுவார், குட்டிக்கரணம் போடுவார், ஆனால் காரில் உட்கார்ந்தால் இரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பார். ஆகவே அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது யார் என்ற பேச்சே எழவில்லை.

பதினோரு வருஷமாக நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறாள். நடுவில் டோலோன் கணவாய். அங்கே அக்டோபரிலேயே பனி விழும். அவள் வண்டி ஒரு வெள்ளை ஹோண்டா, குளிர்பெட்டியைப் படுக்கப்போட்டு சக்கரம் மாட்டியது மாதிரி இருக்கும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். ஏழு வருஷம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பதினாறு பேரும் பதினாறு அர்த்தம் சொன்னார்கள். ஒரு கோடையில் ஜப்பான்காரர் ஒருவர் முதுகுமூட்டையோடு வண்டியில் ஏறினார். கனிஷாய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மூடியைத் திறந்து காட்டினாள். மனுஷர் தன்னைக் கடத்துகிறார்கள் என்றே நினைத்திருப்பார். படித்துப் பார்த்துவிட்டுத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்:

"சாதாரணம். சாதாரண பெட்ரோல்."

அன்றைக்கு முடிவானது. தொண்ணூற்றிரண்டாம் நம்பர் பெட்ரோல். அதுவும் கோச்கோர் ரோட்டு முனையில் யூனுஸ் பங்க்கில் மட்டும். யூனுஸுக்கு இரண்டு குழாய், ஒரு நாய். சிரிக்க மாட்டார், பெட்ரோலில் கலக்கவும் மாட்டார்.

வம்பு செப்டம்பரில் வந்தது. ஊர் நுழைவிலேயே புதிதாக ஒரு பங்க் திறந்தார்கள், பெயர் 'தங்கக் குளம்பு'. பச்சை விளக்கு, கண்ணாடிக் கதவு, உள்ளே காபி மெஷின். முதலாளி யார் என்றால் ஸ்டாண்ட் தலைவர் எசென்கானின் சம்பந்தி. அந்த ஊரில் கூடப்பிறந்தவனைத் திட்டலாம், ஊர்ப் பெரியவரைக்கூடக் கொஞ்சம் முறைக்கலாம், சம்பந்தியை மட்டும் ஒன்றும் சொல்லக்கூடாது. சம்பந்தி விருந்துக்கு வந்தால் மரியாதைக்கு வைக்கிற ஆட்டுத் தலை அவர் முன்னால்தான் போகும். சம்பந்தி பங்க் திறந்தால் பெட்ரோலும் அங்கேதான் போட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை எசென்கான் வரிசை நோட்டைக் கையில் பிடித்தபடி அறிவித்தார். அந்த நோட்டில் பேர் இருந்தால்தான் ஆள் ஏற்றலாம்.

"இனிமே எல்லாரும் தங்கக் குளம்புல தொண்ணூத்தஞ்சு. போட்டவனுக்கு கண்ணாடியில ஒட்ட ஸ்டிக்கர் குடுப்பாங்க. ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு வரிசையில எடம் இல்ல. மலை ஏறுற வண்டிங்க நம்மளது. மலை பெருசுன்னா நம்பரும் பெருசா இருக்கணும்."

பதினைந்து தலை ஆடியது. நாரின்காரர்கள் எல்லோரும் நம்புகிற விஷயம் இது: ஏற்றம் கூடினால் நம்பரும் கூட வேண்டும்.

"அது தப்பு அண்ணே," என்றாள் கனிஷாய்.

"எது தப்பு?"

"டோலோன் மேல நின்னு சிகரெட் பத்த வைக்கிறப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதா இல்லையா? மேல காத்து கம்மி. இஞ்சினுக்கும் அதே மூச்சுதான். அரை மூச்சு விடுற இஞ்சினுக்கு எதுக்குப் பெரிய நம்பர்? நம்பர்னா வலுவா? இல்லண்ணே, பொறுமை. இஞ்சின் எவ்வளவு நசுக்கினாலும் பெட்ரோல் அவசரப்பட்டு வெடிக்காம இருக்கிற பொறுமை. என் வண்டிக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம்."

"உனக்கே கெடையாதே, வண்டிக்கு எங்கேருந்து வரும்?" என்றான் தாலாய். ஸ்டாண்டிலேயே பெரிய வாய் அவனுடையது, தலைவருக்கு நிழல் மாதிரி.

"இருந்தா உன் பேச்சைக் கேட்டுக்கிட்டே நிப்பேனே தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். எசென்கான் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, மூன்றாவதாக இருந்த கனிஷாய் பேரை ரப்பரால் அழித்தார். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி அழித்தார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டாண்ட் வாசலுக்கு வெளியே, பேக்கரிக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றாள். செவ்வாய் நின்றாள், புதன் நின்றாள். வழக்கமாக வருகிற ஆட்கள் அவளைப் பார்ப்பார்கள், தலைவரைப் பார்ப்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். வரிசை இல்லாத வண்டியில் ஏறினால் அடுத்த முறை அவர்களை யார் ஏற்றுவார்கள்? மூன்று நாளும் காலி வண்டி. புதன்கிழமை சாயங்காலம் புருஷன் சூப்பை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு தடவை அங்க போட்டுட்டு அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு தடவை என்கூட பிஷ்கெக் வர்றீங்களா?"

அவர் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.

வியாழன் காலை கனிஷாய் ஊறுகாய் போடுகிற கண்ணாடி ஜாடி மூன்றைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்குள் போனாள். ஜாடிகளைத் தாலாய் கையில் கொடுத்தாள்.

"நீதான் இவருக்கு விசுவாசமான ஆளு. நீயே போய் நெரப்பிட்டு வா. ஒண்ணுல தங்கக் குளம்பு தொண்ணூத்தஞ்சு, ஒண்ணுல யூனுஸோட தொண்ணூத்திரண்டு, ஒண்ணுல பழைய லாரிக்கு ஊத்துற எண்பது. மூடிக்கு உள்ள கலர் கலரா நூல் கட்டு. எந்த நூல் எதுன்னு எனக்கு வேண்டாம், உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். தலைவர் மூக்கு நல்ல பெட்ரோலை ஒரு மைல்லயே கண்டுபிடிச்சிடும்னு அவரே சொல்லுவாரே."

உண்மையில் எசென்கான் அதை வாரத்துக்கு நான்கு முறை சொல்வார். பதினைந்து டிரைவர்கள், பிரயாணிகள், பேக்கரிக்காரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் மூக்கு போச்சு.

"கண்டுபிடிச்சிட்டா?" என்றார்.

"நாளைக்கே உங்க ஸ்டிக்கரை நெத்தியில ஒட்டிக்கிறேன். தப்பாச் சொன்னா என் பேரை எழுதணும்."

தாலாய் கோச்கோர் ரோட்டு முனை வரைக்கும் போய்வர நேரம் ஆனது. அதற்குள் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. பானெட் மேல் மூன்று ஜாடி. எசென்கான் தொப்பியைக் கழற்றினார். முதல் ஜாடியிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, கண்ணை மூடி முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"சீ. லாரி மூத்திரம்."

இரண்டாவது. தோளைக் குலுக்கினார். "இது ஏதோ... சுமார். இது யூனுஸோடது."

மூன்றாவதை முகர்ந்ததும் முகமே மலர்ந்துவிட்டது. "இதான்! இதான் என் சம்பந்தி வீட்டுத் தொண்ணூத்தஞ்சு. பால் மாதிரி சுத்தம். பாருங்கப்பா, மோந்து பாருங்க!"

கனிஷாய் தாலாயைப் பார்த்தாள். தாலாய் தன் ஷூவைப் பார்த்தான்.

"சொல்லு தம்பி. மூணாவது எது?"

"அது... யூனுஸ்," என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து இவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வந்ததே இல்லை. "ரெண்டாவது எண்பது."

"அப்ப லாரி மூத்திரம்?"

தாலாய் தங்கக் குளம்பு இருக்கிற பக்கம் கையைக் காட்டினான். பேக்கரிக்காரி சிரித்த சிரிப்பில் ரொட்டித் தட்டு கீழே விழுந்தது.

"எனக்கு சளி," என்றார் எசென்கான்.

"மூக்குக்கு சளி பிடிக்கும் அண்ணே, பிளக்குக்குப் பிடிக்காது. பானெட்டைத் திறக்கச் சொல்லுங்க."

முதலில் அவளே தன் வண்டியில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினாள். நுனி டீ பிஸ்கட் நிறத்தில் இருந்தது, பெட்ரோல் நல்லபடி எரிகிறது என்று அர்த்தம். அப்புறம் தாலாய், யாரும் கேட்காமலேயே, தன்னுடையதைக் கழற்றினான். செங்கல் சிவப்பு. அடுத்த இரண்டு பேருடையதும் செங்கல் சிவப்பு. மட்டமான பெட்ரோலில் இரும்பு மருந்தைக் கலந்து நம்பரை ஏற்றினால் பிளக் அப்படித்தான் ஆகும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி பங்க் என்பதால் ஒருத்தரும் கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"தலைவரே, உங்களோடது?" என்றது ஒரு குரல்.

எசென்கான் ஸ்பேனர் எடுக்கத் தன் காருக்கு நடந்தார். கனிஷாய் பின்னாலேயே போனாள், விடுவதாக இல்லை. அவர் கதவைத் திறந்தார். கதவுப் பையில் ஸ்பேனரும் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு கம்பி பிரஷும் இருந்தது. பிரஷின் கம்பியெல்லாம் சிவப்புத் தூள்.

ஆக, அவருக்கு முன்னாலேயே தெரியும். தினமும் யாருக்கும் தெரியாமல் கழற்றிச் சுரண்டி மாட்டியிருக்கிறார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எம் பொண்ணு அந்த வீட்டுல இருக்காம்மா," என்றார், கதவுக்குள் தலையை விட்டபடி. "இப்பத்தான் ஒரு வருஷம் ஆகுது."

கனிஷாய் கையில் பிரஷ் வந்துவிட்டது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் போதும், எசென்கான் இந்த ஸ்டாண்டில் இனி நோட்டைப் பிடிக்க முடியாது. மூன்று நாள் காலி வண்டிக்கும் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரஷைத் தன் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"இவர் வண்டிக்கு ஏத்த ஸ்பேனர் இல்லையாம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "விடுங்கப்பா, நாலஞ்சு பிளக் பாத்தது போதும்."

பிறகு குரலை இறக்கினாள். "பேரை எழுதுங்க. இனிமே அவங்கவங்க வண்டிக்கு என்ன ஒத்துக்குதோ அதை அவங்கவங்க போட்டுக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க. சம்பந்தியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெட்ரோலைப் பத்திப் பேசுவேன்."

எசென்கான் நோட்டை விரித்துக் கடைசியில் அவள் பேரை எழுதினார்.

"அங்க இல்ல," என்றாள் கனிஷாய். "மூணாவது. திங்கக்கிழமை எங்க அழிச்சீங்களோ அங்க."

"அந்த எடத்துல பேப்பர் கிழிஞ்சிருக்கும்மா."

"கிழிஞ்ச பேப்பர்லயே எழுதுங்க."

எழுதினார். பென்சில் இரண்டு முறை ஓட்டைக்குள் போனது.

அவள் முறை வந்தபோது ஆறு பேர் ஏறினார்கள். கிளம்பும்போது, வழி நல்லபடி அமைய வேண்டிக்கொண்டு, பழைய வழக்கப்படி எல்லோரும் உள்ளங்கையை விரித்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவள் இறங்கிப் போய், டிக்கியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த நான்கு புதுப் பிளக்கை எசென்கான் பானெட் மேல் வைத்தாள்.

"இது சமாதானம் ஒண்ணும் இல்ல," என்றாள். "சொரண்டின பிளக்கை வெச்சுக்கிட்டு டோலோன்ல நின்னீங்கன்னா, பின்னாடி வர்ற நான்தான் இறங்கித் தள்ளணும். ஸ்டிக்கர் கண்ணாடியிலயே இருக்கட்டும். டாங்க்குக்குக் கண்ணு கெடையாது."

தங்கக் குளம்பைத் தாண்டும்போது பச்சைச் சட்டை போட்ட பங்க் ஆட்கள் இருவர் வழக்கம்போல் கையை அசைத்து உள்ளே கூப்பிட்டார்கள். கனிஷாய் ஹாரனில் கையை வைத்தாள். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், பச்சை விளக்கு எல்லாம் கடந்து, ரோடு ஏற ஆரம்பிக்கும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.