முப்பத்தோராம் நாள் என்ன கிழமை?

மிச்சக் கணக்குகள் எனக்குப் பிடிக்கும். மூன்றால் பிரிபடுமா என்றால் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும். ஐந்தால் வகுக்க நாலு, ஆறால் வகுக்க ஐந்து, ஏழால் வகுக்க ஆறு மிச்சம் வருகிற மிகச் சிறிய எண் எது? ஒன்றைக் கூட்டினால் அந்த மூன்று எண்களாலும் மிச்சமில்லாமல் பிரிபடும், ஆகவே இருநூற்றொன்பது. இதெல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்துவிடுவேன்.

என்னைக் கவிழ்த்தது கிழமைக் கணக்கு. இன்று செவ்வாய், இன்றிலிருந்து நூறு நாள்களின் பின் என்ன கிழமை? நான் புதன் என்பேன். புத்தகத்தின் விடை வியாழன் என்னும். எப்போதும் ஒரு நாள் குறைந்தது. புத்தகம் அடித்தவனுக்கு மூளையில்லை என்று கொஞ்சக் காலம் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிழை என்னில்தான். எங்கள் ஊரில் தொடங்கும் நாளே முதலாம் நாள். கொடியேறுகிற நாள் முதலாம் திருவிழா. செத்த நாளையும் சேர்த்துத்தான் எட்டாம் நாள் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். சோதனைத்தாளுக்கோ இன்றைய நாள் கணக்கில் இல்லை. பரீட்சைக்காகச் சூம் வகுப்பு எடுத்த பொடியன் என்னைவிட எத்தனையோ வயது இளையவன். "அக்கா, இண்டைய நாளை விட்டிட்டு எண்ணுங்கோ" என்று வாரம் தவறாமல் சொல்லுவான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதைக் கழற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் இறுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. வேலை முழு வேலை, நியமனம் மட்டும் இல்லை. நிரந்தரமாவதற்கு ஆசிரியர் சேவைப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். இரண்டு தடவை நுண்ணறிவுத் தாளில் விழுந்துவிட்டேன். இந்த முறை விட்டால் வயதெல்லை தாண்டிவிடும், பிறகு விண்ணப்பிக்கவே ஏலாது. அப்பா தெற்கில் கடை வைத்திருந்து திரும்பியவர். மகளுக்கு அரசாங்க வேலை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பரீட்சைக்கு அனுமதி அட்டை வந்த கிழமையில், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் போய்விட்டார்.

சனம் வந்து அழுதுகொண்டிருக்க என் தலை தன்பாட்டில் கணக்குச் செய்தது. முப்பத்தொன்றை ஏழால் வகுக்க மிச்சம் மூன்று. வெள்ளியிலிருந்து மூன்று நாள், திங்கள். பரீட்சை அதற்கு முதல் நாள், ஞாயிறு. அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

எட்டுச் செலவன்று ஐயர், அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை என்றார். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். அத்தனை பேருக்கு முன்னால், ஐயா, உங்கள் கணக்குப் பிழை, திங்கள்தான் வரும் என்று வகுத்தே காட்டினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"செத்த நாளையும் சேர்த்தெல்லோ பிள்ளை எண்ணுறது."

பிறந்த நாள் முதல் தெரிந்த கணக்கைப் பாடுபட்டு மறந்திருந்தேன், அதுவும் இந்தப் பரீட்சைக்காக.

அந்தியேட்டி நாளை மாற்ற வழியில்லை. கனடாவிலிருந்து வந்த அண்ணைக்கு மறுநாள் திரும்பிப் போக ரிக்கெற். கொள்ளி வைத்தவர் அவர், கிரியைக்கு என்னுடைய கை தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று மகள் வீட்டில் இல்லாமல் இருப்பது வேறு. அப்பாவின் தங்கை, என் மாமி, தேப்பன்ர அந்தியேட்டியண்டு மகளுக்குச் சோதினை கேக்குதோ என்று குசினிக்குள் நின்றே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் போகவில்லை என்று அறிவித்துவிட்டு அனுமதி அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கோபத்தில் வைத்தேனா துக்கத்தில் வைத்தேனா என்று இப்போதும் தெரியாது.

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதிகம் பேசுகிற ஆளில்லை.

"அவர் இனி எங்கையும் போகமாட்டார். உனக்குத்தான் வயசு போகுது. போய் எழுது."

கேட்பவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி கெஞ்சினேன். அம்மா அட்டையை என் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

காலையில் அண்ணையும் ஆண்களும் கிரியை செய்யக் கீரிமலைக் கடற்கரைக்கு வெளிக்கிட, நான் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். மத்தியானம் வீட்டில் படைக்கிற நேரம் நான் மண்டபத்தில் கறுப்புப் பேனையால் விடைகளுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கண் மறைத்தது. துடைத்துத் துடைத்து எழுதினேன். திரும்பி வந்தபோது பந்தலில் கதிரைகளை அடுக்கிவிட்டார்கள். அம்மா சாப்பிடாமல் இருந்தார். யாருக்கும் காய்ச்சல் கதை சொல்லவில்லை, மகள் சோதினைக்குப் போய்விட்டாள் என்றே சொல்லியிருந்தார்.

மாதங்கள் கழித்துப் பெறுபேறு வந்தது. பட்டியலில் நான் இருந்தேன். சொன்னதும் அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, போனை வாங்கினார். அண்ணைக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். எடுத்தது மாமிக்கு.

"மச்சாள், பிள்ளை பாஸ். ஓம், அண்டைக்கு எழுதினதுதான். உங்கட அண்ணை இருந்திருந்தா..."

அதற்கு மேல் சொல்ல ஏலாமல் அம்மா போனை என் கையில் தந்தார். மறுமுனையில் மாமி அழுதுகொண்டிருந்தார்.