இங்கதான் வெச்சேன்

கடைச் சாவியைத் தேடப் போன லோகநாதன் இப்போது கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிரான்சிஸ்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். சாவி பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்குமோ என்று பார்க்க டார்ச்சை எடுத்தார். டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது. டிரான்சிஸ்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றப் போனவர், உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். சாவி, கடை, அவரே அடுப்பில் ஏற்றிவைத்த பால், எதுவும் அவர் நினைவில் இல்லை. பால் பொங்கிக் கருகிய வாடைக்கு எழுந்து ஓடியது அவர் மனைவி சாமுண்டீஸ்வரிதான்.

“சாவி கெடச்சுதா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

“இங்கதான் வெச்சேன். எங்க போயிடும், இங்கதான் இருக்கும்.” ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு சொன்னதால் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. வராவிட்டால் என்ன, கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் வாக்கியம்தானே.

குடை இங்கதான் வெச்சேன். ரேஷன் கார்டு இங்கதான் வெச்சேன். கல்யாண மோதிரமும் இங்கதான் வெச்சேன். ஒரு முறை மைத்துனனின் சைக்கிளை மார்க்கெட்டில் பூட்டி நிறுத்திவிட்டு, கத்தரிக்காயோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். சாயங்காலம் சைக்கிளைக் காணோம் என்றதும், காலம் கெட்டுக் கிடக்கிறது, வாசலில் நிறுத்தினால்கூடத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று மனைவியோடு சேர்ந்து மனமார வருத்தப்பட்டார். இப்படிப்பட்டவரை என்னதான் செய்வது?

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. ஆள் நல்லவர். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். வயதானவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் கேட்டதற்குப் பதில் சொல்லப் போய், இவர் அப்பா பெயரை அவர் விண்ணப்பத்தில் எழுதிவிடுவார். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அசல் தாளை மெஷினின் கண்ணாடி மேலேயே விட்டுவிடுவதைத்தான் சகிக்க முடியாது. நகலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அடுத்து வருகிறவர் தன் காகிதங்களோடு அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

போன மாதம் அப்பாதுரை என்பவருடைய மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட் அப்படித்தான் யாரோ ஒருவருடைய பட்டாவோடு சேர்ந்து பம்மலுக்குப் போய்விட்டது. மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இண்டர்வியூ. அப்பாதுரை கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சாமுண்டீஸ்வரிதான் அவரைக் கூட்டிக்கொண்டு பம்மலில் தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் ஒரு வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து அதை மீட்டுக்கொண்டு வந்தாள். செருப்பு அறுந்து, வெயிலில் முகம் கறுத்துக் கடைக்குத் திரும்பினால், லோகநாதன் மெஷினை அக்கக்காகப் பிரித்துப் பரப்பிவைத்து அதற்குள் தலையை விட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு தூக்கில் அப்படியே இருந்தது.

“எங்க போயிட்ட சாமுண்டி, டீ சாப்பிடலாமா?” என்றார்.

அவள் உடைந்துபோனது அந்த இடத்தில்தான். மறதிக்காரர் என்றால் இத்தனை திருகாணியில் எது எங்கே போக வேண்டும் என்று மட்டும் எப்படித் தெரிகிறது? சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அசையாமல் உட்கார எப்படி முடிகிறது? தனக்குப் பிடித்தது எதுவும் மறப்பதில்லை, அவளுக்கு வேண்டியது மட்டும் மறக்கிறது என்றால் அதற்குப் பெயர் மறதியா, திமிரா?

பல் டாக்டர் வீட்டு பெஞ்சில் கிடந்த ஒரு பழைய வாரப் பத்திரிகையில்தான், இந்த மாதிரி கவனம் சிதறுகிற கோளாறு ஒன்று குழந்தைகளுக்கு உண்டு என்றும், சிலருக்கு வளர்ந்த பிறகும் அது விடாது என்றும் படித்தாள். விசாரித்துக்கொண்டு போனதில் குரோம்பேட்டையில் அரிகிருஷ்ணன் என்ற மனநல டாக்டர் அகப்பட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், நிதானமாகப் பேசுகிறவர். சாமுண்டீஸ்வரி கொட்டியதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“இது ரத்தம் எடுத்துப் பாக்கற விஷயம் இல்லம்மா. பேசித்தான் கண்டுபிடிக்கணும்” என்றார். “தூக்கம் சரியில்லன்னாலும், தைராய்டு இருந்தாலும், மனசுல கவலை இருந்தாலும் கவனம் சிதறும். முதல்ல அதெல்லாம் இல்லன்னு பாக்கணும். அப்புறம், இது நடுவுல வர்றது கிடையாது. சின்ன வயசுலயே இருந்திருக்கணும். ஏழு வயசு லோகநாதனைப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா? கூட்டிட்டு வாங்க. ஸ்கூல் ரிப்போர்ட் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க.”

“மெஷின் முன்னாடி மட்டும் எப்படி சார் உக்கார்றாரு?”

“அதுவும் இதுல உண்டு. கவனம் இல்லாம இல்ல. அதை வேண்டிய எடத்துக்குத் திருப்பறதுதான் இவங்களுக்குக் கஷ்டம்.” பிறகு லோகநாதனைப் பார்த்துச் சொன்னார். “பரீட்சைன்னு நெனைக்காதீங்க சார். எதையும் படிச்சிட்டு வர வேணாம், மறைக்கவும் வேணாம். வீட்ல எப்படியோ அப்படியே வாங்க.”

குரோம்பேட்டை ரயிலடியில் சாமுண்டீஸ்வரி கணவனை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

“கேட்டுக்கோங்க. இது நோவுன்னு டாக்டர் சொன்னா நான் இருக்கேன். கடையில உக்காந்து ஒவ்வொரு பேப்பரா நானே வாங்கி நானே குடுக்கறேன். நோவு இல்ல, எல்லாம் உங்க மெத்தனம்னு சொல்லிட்டா, நான் அனகாபுத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். இதுல மாத்தம் இல்ல.”

ரயில் வந்தது. வழக்கமாக ரயிலைக் கண்டால் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுகிற லோகநாதன் அன்றைக்கு அதன் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கே தெரியல சாமுண்டி,” என்றார். “வேணும்னு செய்யறேனா, இல்ல தானா நடக்குதான்னு. நானும்தான் எத்தினி தடவ நெனச்சுப் பாக்கறேன். அவரு சொன்னாதான் தெரியும்.”

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எரிச்சல்தான் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் கொடுத்த சீட்டை நடைமேடை பெஞ்சிலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

பள்ளிக்கூட ரிப்போர்ட்டைத் தேடி லோகநாதன் மாடம்பாக்கத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனார். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பகல் முழுதும் குடைந்து, பொழுது சாய்ந்ததும் வெற்றியோடு திரும்பினார். கையில் ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. “சும்மா தூசி அடைச்சிருந்துது, இப்ப ஓடுது பாரு” என்றார். ரிப்போர்ட்டா? அதை மறந்தே போனார்.

ஆக, மிச்சம் இருந்தது அந்த அக்கா பச்சையம்மா ஒருத்திதான். தாய் செத்தபோது லோகநாதன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கோயில் பக்கத்தில் வீடு, பிளாட் போட்டு விற்றது போக மிச்சம் கொஞ்சம் நிலம் என்று கௌரவமாக வாழ்கிறவள். சாமுண்டீஸ்வரி நேரில் போய், “அண்ணி, டாக்டர் கேட்டா உள்ளது உள்ளபடி சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டாள். அனகாபுத்தூர் விஷயத்தைச் சொல்லவில்லை. அதையெல்லாம் நாத்தனாரிடமா சொல்வார்கள்?

“நான் ஏங் கண்ணு பொய் சொல்லப் போறேன்” என்றாள் பச்சையம்மா.

குறித்த நாளில் அவள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் மஞ்சள் பையோடு வந்தபோதே சாமுண்டீஸ்வரி சுதாரித்திருக்க வேண்டும். பஸ்ஸில் மூன்று பேரும் வந்தார்கள். பச்சையம்மா எப்போதும் போல எல்லாருக்கும் கடைசியாகத்தான் இறங்கினாள். டாக்டர் அறையில் தம்பிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“சின்ன வயசுல தம்பி எப்படிம்மா?” என்றார் டாக்டர்.

“தங்கமான புள்ள சார். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. வாத்தியாருங்க ஒரு கொற சொன்னதில்ல. வெச்ச பொருளு வெச்ச எடத்துல இருக்கும், அப்படி வளந்தவன்.”

சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தம் பேச அவள் அப்பா மாடம்பாக்கத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, ‘வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்குமாம், அந்தப் பையன் அப்படியாம்’ என்று வீட்டில் பெருமையாகச் சொன்னாரே. சொன்னது இந்த அண்ணியா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் தலையாட்டினாள். பச்சையம்மாவுக்கு யார் வந்து கேட்டாலும் அது பெண் வீட்டு விசாரிப்புதான். தம்பியை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுப்பதாவது.

“அண்ணி, ஒத்தச் செருப்போட ஸ்கூல்லேந்து வருவாருன்னு நீங்கதான சொன்னீங்க, போன பொங்கலுக்கு?”

“அது செருப்பு லூஸு.”

“புஸ்தகப் பைய ஏரிக்கரையில உட்டுட்டு வந்தது?”

“புள்ளைங்கன்னா வெளையாட்டு புத்தி இருக்காதா? யாரு வூட்ல இல்ல?”

“அப்ப ஸ்கூல்ல, வீட்ல எந்தக் கஷ்டமும் இல்லன்னு எழுதிக்கலாமா?” என்றார் டாக்டர்.

“தாராளமா எழுதிக்கோங்க. ஒண்ணும் கெடையாது சார்.”

லோகநாதன் அக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. அப்படியென்றால் எல்லாம் வேண்டுமென்று செய்ததுதானா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வது சாமுண்டீஸ்வரிக்குக் கேட்காமலேயே கேட்டது. அவளுக்கு அண்ணியின் மேல் அப்படியொரு கோபம் வந்தது. அனகாபுத்தூருக்கு எந்தப் பெட்டியை எடுத்துக்கொள்வது என்றுகூட மனம் போய்விட்டது.

டாக்டர் பெருமூச்சு விட்டு, “சரி, இன்னிக்கி இவ்ளோ போதும்” என்று பேனாவின் மூடியைக் கையில் எடுத்தார். லோகநாதன் எழுந்து, கும்பிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

பச்சையம்மாவும் எழுந்தாள். “வரேன் சார். தங்கமான புள்ள” என்று டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய வலது கை தானாகப் போய்த் தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தடவியது. கைக்குட்டை கிடைத்தது, மஞ்சள் பையில் போட்டாள். கடைச் சாவி கிடைத்தது, போட்டாள். சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மூடியைக் கீழே வைத்துவிட்டார். இருவரும் பார்ப்பது தெரியாமல் பச்சையம்மா இடுப்பை வளைத்துக் குனிந்து, கண்ணால் தேடாமலேயே, நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் தம்பியின் குடையை எடுத்துக்கொண்டாள்.