சங்கு கேட்காத கழுவும் கொட்டகை

மாம்பழப் பருவம் உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், கம்பைநல்லூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் போய் வந்தேன். அவசரகால ஒத்திகை நடக்கிறது, பத்திரிகைக்காரர்கள் வரலாம் என்று அழைப்பு வந்திருந்தது. கூழைக் குளிர்விக்க அம்மோனியா வைத்திருக்கும் ஆலை. வாயு கசிந்தால் சங்கு ஊதி, எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு இதுவரை நான் கசிவுக்குப் பிறகுதான் போயிருக்கிறேன். ஒருமுறையாவது முன்னால் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

தர்மபுரியில் காலை 7.40க்குப் பேருந்து, கட்டணம் 28 ரூபாய், ஒரு மணி நேரப் பயணம். இறங்கிய இடத்திலிருந்து ஆலைக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 120 கொடுத்தேன். சங்கைப் பற்றிக் கேட்டதும் ஓட்டுநர் சிரித்தார்.

“தெனம் ஷிப்டுக்கு ஊதுவாங்க, அத வச்சுத்தாங்க எங்க வூட்ல ஒல வைக்கறது. ஆபத்துக்கும் அதே சங்குதான். கொஞ்சம் நீளமா ஊதும்னு சொல்லிக்கறாங்க.”

கட்டுப்பாட்டு அறையைப் பாதுகாப்பு அதிகாரி பெருமையோடு காட்டினார். ஒலிபெருக்கி இணைப்பு சரியாக இருக்கிறதா என்று காட்ட கொட்டகைக்கு ஒரு விளக்கு, எல்லாம் பச்சை. ஆனால் பதினோரு மணிக்கு ஒத்திகை தொடங்கியபோது நான் அங்கே இல்லை. ஆலையிலேயே இரைச்சல் அதிகமான இடம் எது என்று விசாரித்து, பழம் கழுவும் கொட்டகையில் போய் நின்றிருந்தேன். பதினொன்று ஆனது. தண்ணீரும் தூரிகைகளும் இரைந்தன. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். 11.04க்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒருவர் ஓடிவந்து தோளைத் தட்டிய பிறகுதான் வெளியேறினார்கள்.

வெளியே வந்ததும் பதிவேடு வந்தது. ‘அறிவிப்பு தெளிவாகக் கேட்டது’ என்ற வரிக்குக் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து விழுந்தால்தான் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். எல்லாரும் போட்டார்கள். ஏழு பருவமாக வேலைக்கு வரும் கோவிந்தம்மாள் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

“கேக்காததுக்கு எப்படிங்க சார் கையெழுத்துப் போடறது?”

மற்றவர்கள் போட்டுவிட்டார்களே என்றார் அதிகாரி.

“அவங்களுக்கும் கேக்கல. பசி, போட்டுட்டாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் மேஸ்திரி போன் செய்து அழைத்தால்தான் அவர்களுக்கு வேலை. அடுத்த வருடம் உன் பெயர் இருக்காது என்று அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். கோவிந்தம்மாள் தன் குரலைத் தணிக்கவில்லை.

“கூப்பிடாட்டி போகுதுங்க. காஸ் வந்தா மேஸ்திரி போன் போட்டுச் சொல்லுவாருங்களா?”

கடைசிக் கையெழுத்து விழாததால் அதிகாரி ஆள் அனுப்பினார்; எலக்ட்ரீஷியன் ஏணி கொண்டுவந்து ஏறினார். ஒலிபெருக்கியின் வாயில் உரச்சாக்கு இறுகக் கட்டியிருந்தது. கொட்டகையைக் கழுவும்போது தண்ணீர் புகுந்துவிடும் என்று யாரோ கட்டி, அவிழ்க்க மறந்திருக்கிறார்கள். கம்பி அறுபடாததால் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. சாக்கை அவிழ்த்து, இயந்திரங்களை ஓடவிட்டு, 12.10க்கு மறுபடி அறிவித்தார்கள். சத்தம் வந்தது, சொல் புரியவில்லை. கோவிந்தம்மாள் பதிவேட்டை வாங்கி, தன் பெயருக்கு எதிரே ‘கேட்கவில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற பெண் பேனாவுக்குக் கை நீட்டினார். அடுத்தடுத்து பதினாறு பேர் தங்கள் பழைய கையெழுத்தை அடித்துவிட்டு அதையே எழுதினார்கள். அரை மணி நேரம் தாமதமாகச் சாப்பிடப் போனார்கள்.

இப்படி ஓர் ஆலைக்குப் போகிறவர்கள் மூடிய காலணி அணியுங்கள். நுழைந்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எங்கே ஒன்றுகூட வேண்டும் என்று கேளுங்கள். விளக்குப் பலகையை நம்பாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே நின்று காது கொடுங்கள். கேட்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பி வர 2.15க்குப் பேருந்து உண்டு.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பதினேழு ‘கேட்கவில்லை’யும் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்த ஜூனில் கோவிந்தம்மாளுக்கு மேஸ்திரியின் போன் வராவிட்டால், ஆலையின் பெயரோடு அதை இதே இடத்தில் போடுவேன்.