விசில்காரர் கேட்ட பாஸ்

என்னுடைய மொழிபெயர்ப்புத் திறமையால் ஒரு மனிதர் இரண்டு கிழமை சன்னல் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஒளிந்திருந்தார். வேறு யாருமில்லை, என் சொந்த மாமாதான். அம்மாவின் ஒரே தம்பி. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போனதில் பாஷை எனக்குப் பிடிபட்டுவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கத்தையும் நன்றியையும் தாண்டினால் நாக்குப் புரளாது. அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் முன்னுக்கு நிற்பது நான்தான். அந்த வயதில் அவ்வளவு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எனக்குத் தாராளமாகவே வந்திருந்தது. ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கம் என்னிடம் அறவே இருக்கவில்லை.

வுப்பர்டாலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சிற்றூரில் எங்களை விட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் பயணிகள் தங்கிப்போன பழைய கட்டடம், அப்போது அகதிகள் இருக்கும் இடமாகியிருந்தது. எல்லோரும் அதை ஹைம் என்றுதான் சொல்வோம். மேல்மாடியில் ஏழாம் இலக்க அறை எங்களுடையது. மாமா வந்து நாலு மாதம்தான். பக்கத்து அறையில் இன்னும் மூன்று பெடியன்களோடு இருந்தார். ஊரில் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் நின்று விளையாடியவர். இங்கே அவருக்கு வேலை செய்யவும் ஏலாது, படிக்கவும் வழியில்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்து முகட்டைப் பார்ப்பதே முழுநேர உத்தியோகம். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கேல்லை அக்கா" என்பார். அம்மாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

"இவன் இப்பிடியே கிடந்தானெண்டால் விசர்தான் பிடிக்கப்போகுது" என்று அப்பாவிடம் முணுமுணுத்த அம்மா, ஒரு புதன்கிழமை பின்னேரம் மாமாவின் போர்வையை இழுத்தெறிந்தார். "எழும்பு தம்பி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கையெண்டாலும் நடந்திட்டு வா."

அப்படி நடந்தபோது கண்ணில் பட்டதுதான் அந்த மைதானம். ஹைமுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால் நாலு விளக்குக் கம்பங்கள் தெரியும். ஊர்க் கழகத்துக்குச் சொந்தமான சின்ன இடம். புல்லே கிடையாது. செங்கல்லை இடித்துப் பரப்பியதுபோலச் சிவப்புத் துகள் நிலம், விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது. சுற்றிவர இடுப்பளவு கம்பிவேலி. அதில் சாய்ந்தபடி ஒரு முப்பது நாற்பது பேர், அவர்களோடு நாலைந்து நாய்கள். மூலையில் ஒரு பலகைக் கொட்டிலில் சொசேஜ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த கிழவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார், பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். குளிரத் தொடங்கிய காலம். ஓடுகிறவர்களின் வாயிலிருந்து புகை போனது. மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நாலு மாதமாக நான் காணாத ஒரு வெளிச்சம்.

எனக்கு ஒரு சொசேஜ் பாண் வாங்கித் தந்து, "மாடோ பண்டியோ எண்டு கேளாமல் தின், அக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். நான் பாதி தின்றிருப்பேன், பந்து வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் உயர்ந்து வந்தது. மாமா நெஞ்சால் அதை ஏந்தி, காலில் விழவிட்டு, ஒரு உதை உதைத்தார். அது முழு மைதானத்தையும் கடந்து போய் மற்றப் பக்கத்துக் கோல் காப்பவரின் கையிலேயே இறங்கியது. சாய்ந்து நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது என்றுதான் எனக்கு ஞாபகம். அது உண்மையோ நான் பிறகு சேர்த்துக்கொண்டதோ தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மீசை, கழுத்தில் ஒரு விசில். ஊர்க் கழக அணியைப் பழக்குகிறவர் அவர். மாமாவோடு கதைக்கப் பார்த்துச் சரிவராமல் என் பக்கம் திரும்பினார். நான் பாணை விழுங்கிவிட்டு உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டேன்.

"என்னவாம் பிள்ளை?"

"உங்கட பாஸ் வேணுமாம் மாமா. ரெண்டு படமும் குடுக்கட்டாம்."

மாமாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் சடாரென்று அணைந்தது. "பாஸோ? ஏனாம்?"

ஏன் என்று கேட்டேன். விசில்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னதை நான் ஒரு சொல் தப்பாமல் தமிழாக்கினேன். "பாஸ் இல்லாட்டி ஒண்டும் ஏலாதாம்."

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவின் பெயர் என்ன, எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்டபோது, முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லி, ஹைம், மேல்மாடி, எட்டாம் அறை என்று விலாசத்தையும் ஒப்பித்தேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிய வேகத்தில் மிச்சப் பாண் எங்கேயோ விழுந்துபோனது. அந்தத் துக்கத்தில் எனக்கு மற்றது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

பாஸ் என்றால் எங்கள் ஹைமில் எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான். கடவுச்சீட்டு. ஜெர்மன் மண்ணில் எங்களிடம் முதன்முதல் கேட்கப்பட்ட சொல்லே அதுதான். மாமா வந்ததோ வேறு யாருடையதோ கடவுச்சீட்டில். படத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். வந்து இறங்கியதும் கூட்டி வந்தவன் அதைத் திரும்பப் பறித்துக்கொண்டு போய்விட்டான். இப்போது ஒருவர் அதைக் கேட்கிறார், ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் கேட்கிறார் என்றால் விஷயம் வெளியே வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அன்றிரவு எங்கள் அறையில் மாநாடு கூடியது.

"கேட்டது ஆர்? உடுப்பு என்ன மாதிரி?" என்று அப்பா விசாரித்தார்.

"உடுப்புச் சும்மா உடுப்பு. ஆனால் விசில் வைச்சிருந்தவர்."

"விசிலோ?" அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, அப்ப பொலிசுதான்!"

"திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அத்தான்" என்றார் மாமா. அதை மெல்லத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் வெளியே இறங்கவேயில்லை. சமையலறைக்குப் போவதென்றாலும் நான் முன்னால் போய்ப் பார்த்துச் சைகை காட்ட வேண்டும். விலாசம் சொன்னதற்காக அம்மா என் காதைத் திருகினார். சரியாக மொழிபெயர்த்ததற்குத் தண்டனையா என்று எனக்கு அடக்கமாட்டாத கோபம்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு சனிக்கிழமை, சன்னலடியில் நின்ற அம்மா ஒரு கத்துக் கத்தினார். கீழே ஒரு மனிதர் கருநீலக் கோட்டும் தொப்பியும் நெஞ்சில் பட்டியும் அணிந்து, கையில் கடுதாசியோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். பெரிய வயிறு. அதைவிடப் பெரிய மீசை. மாமாவைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே அம்மா துவாய்களைக் குவித்து வைப்பதற்கும் கதவில் தட்டுவதற்கும் சரியாக இருந்தது. அப்பா என்னை முன்னுக்குத் தள்ளினார்.

மாமா இல்லை, எங்கேயோ போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்று நான் அடுக்கினேன். விசில்காரர் கவலைப்பட்டார். தான் பஸ் ஓட்டப் போகும் வழியில் வந்ததாகச் சொன்னார். பொலிசுக்காரர் ஏன் பஸ் ஓட்ட வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் உள்பையிலிருந்து ஒரு சின்ன மட்டையை எடுத்து விரித்தார். அதில் ஒரு இளைஞனின் படம். தலை நிறைய மயிர், வயிறே இல்லை. "இது நான்தான்" என்றார். "இதுதான் பாஸ். விளையாடுகிறவர்களின் பாஸ். கழகத்தில் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும். இது இல்லாமல் நடுவர் ஆடவிட மாட்டார். கடுதாசியை நான் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன், அவர் ஒரு கையெழுத்து வைத்தால் போதும்."

ஒரு நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு நடையில் ஓடிப்போய்க் கத்தினேன். "மாமா, வெளியில வாங்கோ! அது பாஸ்போட் இல்லை, பந்தடிக்கிற பாஸ்!"

மாமா தோளில் நனையாத துவாயோடு வெளியே வந்தார். அப்பா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்துவிட்டார். அம்மா வெட்கத்தை மறைக்க வந்தவருக்குத் தேத்தண்ணியும் நாலு ரோல்ஸும் கொடுத்தார். அவர் உறைப்பில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே நாலையும் முடித்தார். அன்று அவருடைய பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள்.

ரயில் ஸ்டேசனிலுள்ள படமெடுக்கும் பெட்டிக்குள் மாமா அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு போனார். கலியாணத் தரகருக்குக் கொடுக்கிற படம் மாதிரி வந்தது. பாஸ் வந்து சேர ஆறேழு கிழமை எடுத்தது. அதற்கிடையில் பந்து பழகுவதற்குப் போகத் தொடங்கியவர் இரண்டாம் தரம் சோறு கேட்டார். அம்மா அதைப் பெரிய சாதனைபோலப் பக்கத்து அறைகளுக்கெல்லாம் சொன்னார்.

பாஸ் வந்த பிறகு நடந்த முதல் புதன்கிழமைப் பின்னேர ஆட்டத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். அம்மா சேலைக்குமேல் அப்பாவின் குளிர்க்கோட்டைப் போட்டிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தினார்கள். கறுப்பு உடுப்பில் வந்த நடுவர் கையில் பாஸ் அடுக்கு. ஒவ்வொன்றாக விரித்து, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பெயரைக் கூப்பிட்டார்.

"கடவுளே, இஞ்சையும் பாஸ் பாக்கினமோ!" அம்மா என் தோளை இறுக்கினார். எனக்கு நொந்தது.

மாமா கடைசியில் நின்றார். மற்றவர்கள் குதித்துக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் நிற்க, இவர் மட்டும் கைகளை உடம்போடு ஒட்டி மரமாக நின்றார். நடுவர் அவர் பெயரை நாலு துண்டாக உடைத்துக் கூப்பிட்டார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். போன பிறகும் மாமா அசையவில்லை. பக்கத்தில் நின்றவன் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்பா ஏனோ சிரிக்கவில்லை.

எங்கள் அணி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. ஆனால் அந்த ஒன்றுக்கு வழிசெய்தவர் மாமா. வலப்பக்கம் இரண்டு பேரை ஏய்த்துக்கொண்டு ஓடி, நடுவில் நின்றவனுக்குப் பந்தைத் தட்டிவிட்டார். அவன் கோலுக்குள் தள்ளினான். விசில்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாஸ்! என்ன பாஸ்!" என்று துள்ளினார்.

அம்மா திடுக்கிட்டார். "இன்னும் என்ன பாஸ் வேணுமாம் இந்த மனுசனுக்கு?"

அப்பாவுக்கு இருமல் வருமளவுக்குச் சிரிப்பு. நாங்கள் தோற்ற மாதிரியே இல்லை.

ஆட்டம் முடிந்து சனம் கலைந்தது. விசில்காரர் பாஸ்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கினார். அவை கழகத்தில்தான் இருக்க வேண்டுமாம். மாமா முழங்காலில் இரத்தத்தோடு வந்து, தன்னுடையதை ஒருக்கால் பார்க்கலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தின் கீழ் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து என்னிடம் நீட்டினார்.

"வாசி பிள்ளை."

பெயர், பிறந்த தேதி, கழகம் எல்லாம் வாசித்தேன். கடைசியில் இருந்தது ஒரு நீளமான சொல். அதை மூன்றாகப் பிரித்து வாசித்தேன்.

"அதுக்கு என்ன கருத்து?"

"விளையாட உரிமை இருக்காம்."

"வேற? ஏலாதெண்டு எங்கையும் போட்டிருக்கோ?"

"இல்லை மாமா."

"வடிவாப் பார். மற்றப் பக்கமும் பார்."

திருப்பிப் பார்த்தேன். இல்லை என்றேன். அந்த நீளச் சொல்லைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். விசில்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். மாமாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கந்தோரிலிருந்து எங்களுக்கு வந்த கடுதாசி ஒவ்வொன்றையும் அறையில் எல்லோர் முன்னிலும் சத்தமாக வாசித்துக் காட்டியவள் நான்தான். வேலை செய்ய ஏலாது, ஊர் எல்லையைத் தாண்ட ஏலாது, கேட்டது கிடையாது என்று ஒவ்வொன்றையும் ஒரு சொல் தப்பாமல் தமிழாக்கியவளும் நான்தான். அப்படியிருந்தும் மாமா தோற்றுப்போனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் முதுகைத் தடவி, "அழாதேங்கோ மாமா, அடுத்த கிழமை வெல்லலாம்" என்றேன்.

"ஓம் குஞ்சு" என்றார் மாமா. "வெல்லலாம்."