முன்சக்கரம் புதுசு, பின்சக்கரம் ரீகண்டிஷன்

ஒரு காருக்கு பிரேக் ஷூ வாங்குவது பத்து நிமிஷ வேலை. எங்கள் வீட்டில் அதற்குப் பதினொரு நாள் பிடித்தது. பிற்காலத்தில் விமானப் படையின் உதிரிபாகக் கிடங்கில் இருபது வருஷம் இருந்து, எதற்கெடுத்தாலும் மூன்று பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கி, தலை நரைக்கும் முன்பே ஓய்வூதியக்காரனாகிவிட்டேன். அங்கேகூட நான்கு சக்கரத்துக்காக இத்தனை பேச்சைக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதி. நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. எனக்குப் பதினொரு வயது. அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. பொம்மனஹள்ளித் தொழிற்சாலை ஒன்றின் மேனேஜரைக் காலையில் அழைத்துப்போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக ஒப்பந்தம். அரிசி, வாடகை, என் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த ஒரு மனிதர் எங்கள் பின்சீட்டில் உட்கார்வதை நம்பித்தான் நடந்தன. அந்த வருஷ ஒப்பந்தம் முடியப் போகிறது. புதுப்பிக்கும் முன்னால் தொழிற்சாலையில் வண்டியைச் சோதித்துப் பார்ப்பார்கள். பிரேக்கோ, அழுத்தினால் தெருக்கோடி வரை கேட்கும்படி கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பத்து வருஷமாக எங்கள் வண்டியைப் பார்த்து வந்த மெக்கானிக் பாய் சக்கரத்துக்குள் இருந்த பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். பிரேக் ஷூ என்பது வளைந்த இரும்பு. அதன் முதுகில் லைனிங் என்று ஒரு கறுப்புப் பட்டையை ரிவெட் அடித்திருப்பார்கள். தேய்வது பட்டைதான்.

"இரும்பு நல்லாக்கீதுண்ணா. புது லைனிங் அடிச்ச ரீகண்டிஷன் செட்டு போட்டுக்கோங்க. உங்க பழசக் குடுத்தா கடக்காரன் அத எடுத்துக்கினு அந்த செட்டக் குடுப்பான். பிடிக்கிறது லைனிங்தானே, இரும்பா?" என்றார்.

அப்பா சரி என்றார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பெரியப்பா வந்துவிட்டார்.

பெரியப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க அடுத்தவன் செய்த சாமான்களை நிராகரித்துவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது.

"டேய், அடுத்தவன் கால்ல போட்டு அறுந்த செருப்ப நீ போடுவியாடா?"

"தைச்சுக் குடுத்தா போடலாம்ணா" என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். அண்ணனிடம் அவர் பேசக்கூடிய அதிகபட்சம் அது.

பிறகு ஆரம்பித்தது நடைமுறை. பெரியப்பா ஜே.சி. ரோட்டில் மூன்று கடைகளில் புது ஷூவுக்கு விலைப்பட்டியல் எழுதி வாங்கினார். மூன்றிலும் ஒரே விலை. நாலாவது கடைக்குப் போனார். ரீகண்டிஷன் செட் ஒன்றையும் புது செட் ஒன்றையும் இரவல் வாங்கிவந்து கூடத்தில் பரப்பி, வெர்னியர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு லைனிங்கையும் எட்டு இடத்தில் அளந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்ன எண்களை எழுதினேன். இரண்டு பத்தியிலும் ஒரே எண்கள் வந்தன. ரிவெட்டின் தலை லைனிங்குக்குள் புதைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார். புதைந்திருந்தது. எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் அது. பெரியப்பா நோட்டை மூடிவைத்துவிட்டு, "அளவு சரியா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே, "அண்ணனும் தம்பியும் இன்னும் நாலு நாள் பேசுங்க. அதுக்குள்ள அந்த மேனேஜர் ரிடையர் ஆயிடுவாரு, காரே தேவைப்படாது" என்றாள்.

கடைசியில் வந்தது ஒரு சமரசம். முன்சக்கரங்களுக்குப் பெரியப்பா சொன்ன புதுசு, பின்சக்கரங்களுக்கு அப்பா சொன்ன ரீகண்டிஷன். வண்டியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். வாங்கிவந்த பிறகும் மாட்டவில்லை. இரண்டு நாளில் ஆயுத பூஜை. சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றார் பெரியப்பா.

பூஜை அன்று காலை கூடத்தில் அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் அரிவாள்மனை, என் காம்பஸ் பெட்டி, பிரேக் ஷூக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. புது ஷூக்கள் அட்டைப்பெட்டியிலிருந்தே வெளியே வரவில்லை. சீலை உடைத்தால் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டானாம். "சாமிக்கு அட்டைக்குள்ள இருக்கிறதும் தெரியும்" என்று பெட்டிக்கே பொட்டு வைத்தார் பெரியப்பா. பின்சக்கரத்து நான்கு ஷூக்களும் ஒரு செய்தித்தாளின்மேல் வெறுமனே கிடந்தன. அவற்றுக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு.

எங்கள் வீட்டில் மஞ்சளைத் தண்ணீரில்தான் குழைப்போம். குழைத்து வைத்தேன். அந்தச் சொரசொரப்பான கறுப்பு லைனிங்கில் மஞ்சள் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. இவை அப்பாவுடைய கட்சி. பெரியப்பாவுடையவை மாதிரி பெட்டி, சீல் எதுவும் இல்லாதவை. இவை தோற்றால் அப்பா தோற்பார், அந்த மேனேஜரும் வேறு எவனுடைய காரிலோ போய்விடுவார். கூட்டத்தில் யாருக்காவது சாமியின் தயவு கூடுதலாக வேண்டுமென்றால் இவற்றுக்குத்தான் வேண்டும். அம்மா பூசணிக்காய் வாங்கப் போயிருந்த நேரம், விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து மஞ்சளில் ஊற்றிக் குழைத்தேன். நன்றாக ஒட்டியது. நான்கிலும் நீளத்துக்குப் பட்டை பட்டையாகப் பூசி, மேலே குங்குமம் வைத்தேன். எண்ணெய் கறுப்புக்குள் இறங்கி இருந்த இடம் தெரியாமல் போனது. அம்மா வந்து பார்த்து, "எவ்ளோ அழகா வச்சிருக்கான் பாரு" என்றாள்.

மறுநாள் பாய் வந்து மாட்டுவதாக இருந்தது. வரவில்லை. ஊரில் இந்து-முஸ்லிம் கலவரம் என்று அவர்கள் பேட்டையில் ஊரடங்கு போட்டிருந்தார்கள். பெரியப்பாவே சட்டையைக் கழற்றிவிட்டு, அப்பாவை உதவிக்கு வைத்துக்கொண்டு தெருவில் வேலையில் இறங்கினார். அப்பா பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"சாமிக்கு வச்சத அழிக்காதடா" என்றார் பெரியப்பா.

"மஞ்சத் தண்ணிதானே, ரெண்டு ரவுண்டுல காஞ்சு போயிடும்" என்று அப்பாவும் துணியைக் கீழே போட்டார்.

திங்கட்கிழமை சோதனைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள், ராசியானவன் என்று. தொழிற்சாலையின் வண்டிப் பிரிவு அதிகாரி முதலில் வாசல் சாலையில் ஓட்டிப் போய் நிறுத்திக் காட்டச் சொன்னார். முன்சக்கரங்கள் பிடித்து வண்டி நின்றது. பெரியப்பா என் தோளை அழுத்தினார். அடுத்து, லாரிகள் சரக்கு இறக்கும் சரிவில் பாதி ஏறி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கி வரச் சொன்னார் அதிகாரி. அம்பாசிடரில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்.

அப்பா நெம்புகோலை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினார், கதவைச் சாத்தினார். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெதுவாக, யாரையும் அவசரப்படுத்தாமல், பின்னால் நகர ஆரம்பித்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். கடைசியில் அதிகாரியின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு மதிலில் போய் முட்டி நின்றது.

"ஏனப்பா, நம்ம மேனேஜர இதுலயா தினம் ஏத்தற?" என்றார் அதிகாரி. அதோடு ஒப்பந்தம் முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். முன்னால் புதுசு, நின்றது. பின்னால் பழசு, உருண்டது. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே டிரைவர். இதைவிடச் சுத்தமான பரிசோதனையைப் பீன்யாவிலேயே செய்ய முடியாது என்றார். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படையில் சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பில் பயிற்றுநர் பலகையில் எழுதிப்போட்டார்: பிரேக் லைனிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அது குப்பை. புதிதா, பழுது பார்த்ததா என்ற கேள்வியே கிடையாது. மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பயிற்றுநர் சொன்னது மெக்கானிக் பாய்க்கு அன்றே தெரியும். சோதனைக்கு மறுநாள் அப்பா சொல்லியனுப்பி அவர் எங்கள் சந்துக்கு வந்தார். ஊரடங்கை எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கைகட்டி நின்றார்கள். பானெட்டின்மேல் பூஜை மாலை இன்னும் காய்ந்து கிடந்தது. பாய் பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றினார். லைனிங்கைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனார். லைனிங்கின் ஓரத்தில், தேயாத இடத்தில், மஞ்சள் கெட்டியாக ஒட்டியிருந்தது. மாலையைப் பார்த்தார். நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். உண்மையைச் சொல்வதென்றால், சாமிக்கு வைத்ததால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று அந்தத் தெருவில், அந்த வாரத்தில், அவர் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"இன்னா பாய், உன் ரீகண்டிஷன் பல்லக் காட்டிடுச்சா?" என்றார் பெரியப்பா.

"ஆமா சார். மால் சரியில்ல" என்றார் பாய்.

"காட்டு, பார்ப்போம்" என்று அப்பா குனிந்தார். அதற்குள் பாய் வேஸ்ட் காட்டனை பெட்ரோலில் நனைத்து லைனிங்கின் ஓரத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "பத்து வருஷமா உன்ன நம்பித்தானே ஓட்டினேன் பாய்?" என்றார்.

"தப்பு என்னோடதுதாண்ணா."

அதன் பிறகு எங்கள் வண்டி அவரிடம் போகவில்லை. அன்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, எப்போதும்போல் என் தலையில் தட்டக் கையை நீட்டினார். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அப்பாவின் பிழைப்பைக் கெடுத்த ஆள் யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.